குலாயிமுக்குக் கொடுத்தது

2018 செப்டம்பர் 29, சனி

மலையடிவாரத் தோட்டங்களில் ஆப்பிள் பொறுக்கினோம். நல்லது இல்லை, அழுகினது. தோல் கறுத்து, அமுக்கினால் விரல் உள்ளே போகிற பதத்தில் இருந்தால்தான் எங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டிய நுண்ணிய உருளைப்புழு இருக்கும். லேபின் தலைவி வேரா பாக் அறுபது வயதிலும் மரத்தடியில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத்தான் பையில் போடுகிறார். தோட்டக் காவல்காரருக்கு மனசு கேட்கவில்லை. "நல்ல பழம் மரத்துலயே இருக்கு, பறிச்சுக்கோங்கம்மா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். வேரா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இன்னும் அழுகினதாக ஒன்றை எடுத்தார்.

கையில் புளித்த வாடை. சோப்புக்கும் போகவில்லை. நாளை அல்மாத்தி நகரம் முழுக்க மணந்தாலும் பரவாயில்லை, மாமியார் வீட்டு விருந்தில் மணக்காமல் இருந்தால் போதும்.

செப்டம்பர் 30

மணந்தது.

என் கணவர் ஒல்ஜாஸின் தம்பி பெக்ஜாத் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஆரம்பித்தான். "அண்ணி, நம்ம வம்சத்துல குதிரை மேய்ச்சிருக்காங்க, ஆடு மேய்ச்சிருக்காங்க. புழு மேய்க்கிறது நீங்க ஒருத்திதான். சாயங்காலம் எண்ணிப் பட்டியில அடைப்பீங்களா?" மேஜையே சிரித்தது. ஒல்ஜாஸும்தான். பதினோரு வருஷமாக அதே வேடிக்கை, அதே சிரிப்பு.

குலாயிமும் சிரித்தாள், ஆனால் அவள் சிரிப்பில் குத்தல் இருக்காது. பெக்ஜாத்தின் மனைவி, என் ஓரகத்தி. மாமியாரோடு இருந்து அந்த வீட்டையே நடத்துகிறவள். பெரிய உடம்பு, பெரிய குரல். எலும்பிலிருந்து அவள் மஜ்ஜையை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் சாப்பிட்டு எழுந்தவர்களுக்கும் மறுபடி பசிக்கும். என் தட்டில் அவளே நல்ல துண்டாகப் பார்த்து வைத்தாள். "தின்னுங்க அக்கா. மேய்க்கிறதுக்குத் தெம்பு வேணாமா?"

நான் செய்துகொண்டு போன சாலட்டை யாரும் தொடவில்லை. அப்படியே திரும்பி வந்தது.

அக்டோபர் 7

குலாயிம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். மாவு தேய்த்துக்கொண்டே.

டிசம்பரில் அவள் தங்கைக்குக் கல்யாணம். பிள்ளைகள் பிறக்கும் முன் அவள் போட்ட நீல வெல்வெட் கவுன் பீரோவில் இருக்கிறது. "ஒரு கை நுழைஞ்சா மறு கை வெளியிலயே நிக்குது அக்கா. அன்னைக்கு ஏதோ சொன்னீங்களே, உங்க புழுங்க தட்டுல ஒரு மருந்து போட்டா தீனியையே மறந்துடுதுன்னு. எனக்கும் ஒரு கரண்டி போடுங்களேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விளையாட்டில்ல. போன வாரம் இவரு சிநேகிதங்களோட கார்ல கிளம்பினோம். 'நீ நடுவுல உக்காரு, வண்டி ஒரு பக்கமா சாயுது'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்." மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

"அதெல்லாம் மனுஷங்களுக்கு இல்ல குலாயிம்."

"நீங்க மனசு வச்சா ஆகும்."

அந்த வீட்டில் யாரும் இதுவரை என்னிடம் எதற்காகவும் வந்து நின்றதில்லை. அதுதான் ராத்திரி முழுக்க மனசில் ஓடுகிறது. கவுன் இல்லை, அவள் அழுகை இல்லை. என்னிடம் வந்து நின்றாள் என்பதுதான்.

அக்டோபர் 11

நிதானமாக யோசிப்போம்.

கொழுப்பு அமிலத்திலிருந்து உடம்பு அவ்வப்போது சின்னச் சின்னத் தூதுகளைச் செய்துகொள்கிறது. புழுவிலும் உண்டு, நமக்கும் உண்டு. நல்ல தீனி கிடைத்தால் 'இங்கேயே இரு, இன்னும் தின்' என்று சொல்கிற தூது. அது வந்து தட்டுகிற கதவை அடைப்பதுதான் எங்கள் அலமாரியில் இருக்கும் வெள்ளைப் பொடி. அந்த வகை மருந்தை ஒரு காலத்தில் வெளிநாடுகளில் மனிதர்களுக்கே கொடுத்தார்கள், இளைக்க. இளைத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சிலருக்கு மனசு இருண்டு போனது. சிலர் —

சிலர்தானே. எல்லோருக்கும் இல்லையே. கொஞ்ச நாளைக்குத்தான். கொஞ்சமாகத்தான்.

அக்டோபர் 12

எடுத்தேன்.

அக்டோபர் 14

கேப்ஸ்யூல்களில் அடைத்து, ஒரு பழைய வைட்டமின் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். குலாயிம் என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"யாருக்கும் சொல்ல மாட்டேன். கேட்டா, அக்கா சொன்ன பத்தியம்னு சொல்லிடறேன். கெடுதல் ஒன்னும் இல்லையே?"

"லேசா குமட்டும். வேற ஒன்னும் இல்ல."

வேற ஒன்னும் இல்ல. எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

நவம்பர் 4

முகம் சின்னதாகிவிட்டது. வளையல் கையில் கழன்று ஆடுகிறது. மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ரைஹான் சொல்லிக் குடுத்த பத்தியம். படிச்ச மருமக வீட்ல இருந்தா சும்மாவா?" பெக்ஜாத் தேநீர்க் கிண்ணத்தை என்னை நோக்கி உயர்த்தினான். ஒல்ஜாஸ் காரில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன். இருந்தேன்.

நவம்பர் 9

தட்டுகளைப் பார்த்தோம். ஒரு ஓரத்தில் புழுவுக்குப் பிடித்த பாக்டீரியா, எதிர் ஓரத்தில் சத்தில்லாத மட்டமான பாக்டீரியா. பொடி போடாத தட்டில் புழுக்கள் எல்லாம் நல்ல தீனியில் மொய்த்துக்கொண்டு கிடந்தன. பொடி போட்ட தட்டில் அங்கும் இங்கும் ஊர்ந்தபடி. நல்லதின் மேலேயே ஏறிக் கடந்து போகின்றன. நிற்பதில்லை.

"பசி போச்சுன்னு எழுதி வச்சிருக்கியே, அதை அடி" என்றார் வேரா, கண்ணை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுக்காமல். "தொண்டை துடிக்குது பாரு. எதுக்கிட்ட போனாலும் தின்னுது. எது நல்லதுங்கிறதுதான் இதுங்களுக்குப் போயிடுச்சு. ருசி போச்சு ரைஹான், பசி இல்ல." கட்டுரையாக வரும் என்று அவருக்கு ஒரே உற்சாகம். அல்வா வரவழைத்துத் தேநீரோடு கொடுத்தார்.

அல்வாவைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நவம்பர் 18

குளிர்காலக் கறிக்குக் குதிரை வெட்டும் நாள். உறவுக்காரப் பெண்கள் எல்லாம் குலாயிமின் சமையலறையில். குடல் கழுவி, கறியும் பூண்டும் மிளகும் அடைத்துக் கட்டுகிற வேலை. வருஷா வருஷம் அன்றைக்கு அவள் போடுகிற கூச்சல் தெருமுனைக்குக் கேட்கும். யாருடைய புருஷனையும் விடமாட்டாள். குடலை ஊதிக் காட்டி, "இது யாரு தெரியுதா?" என்பாள்.

இன்று பேசாமல் அடைத்தாள். கூட்டிவைத்த கறியை எல்லோரும் அவளிடம் நீட்ட, "நீங்களே உப்பு பாருங்க" என்று தள்ளிவிட்டாள். பிறகு கொல்லையில், சாம்பல் கொட்டப் போனபோது, என்னிடம் மட்டும்:

"வாயில எதைப் போட்டாலும் பேப்பர் மென்ற மாதிரி இருக்கு அக்கா. அது போகட்டும். பசங்க பேசறது பக்கத்து வீட்ல யாரோ பேசற மாதிரி கேக்குது. சின்னவன் வந்து மடியில படுத்தான். எப்ப எந்திரிப்பான்னு இருந்தது எனக்கு. ஏன் அப்படி?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"குளிர்காலம்" என்றேன். "வெயில் இல்லைன்னா எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்படியா?" என்றாள். நம்பினாள்.

நவம்பர் 19

குளிர்காலமாம்.

நவம்பர் 24

போன் செய்தேன். மருந்து தீர்ந்துவிட்டது, இனிமேல் கிடைக்காது, போதும் நிறுத்திவிடு என்றேன். "பரவால்ல அக்கா, டப்பால இன்னும் இருக்கு. கல்யாணம் வரைக்கும் வரும்."

அந்த டப்பாவைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் முதலிலிருந்தே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். பொடி எங்கிருந்து வந்தது என்பது வேராவுக்குப் போகும். மாமியாருக்குப் போகும். இன்னும் ஒரு வாரம்தானே என்று விட்டுவிட்டேன்.

நல்ல கணக்கு. உன்னைக் காப்பாத்திக்கிற கணக்கு மட்டும் உனக்குத் தப்பாம வருதுடி ரைஹான்.

டிசம்பர் 1

கவுன் சரியாக இருந்தது. அழகாக இருந்தாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெக்ஜாத் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு மேஜையாகக் காட்டினான்.

தங்கையை மணமகன் வீட்டார் அழைத்துப் போகிற நேரம். அவள் அம்மா அழுகிறாள், தங்கை இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். குலாயிம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சினிமா பார்த்தாலே கண்ணைக் கசக்குகிறவள் அவள்.

டிசம்பர் 6, வியாழன்

மத்தியானம் பெக்ஜாத்திடமிருந்து போன். "அண்ணி, குலாயிம் அங்க வந்தாளா? பால்வாடியிலேர்ந்து கூப்பிட்டாங்க, சின்னவனைக் கூட்டிட்டுப் போக யாரும் வரலையாம். வீட்ல கோட்டு இருக்கு, பூட்ஸ் இருக்கு, போனும் இருக்கு. அவ இல்ல."

ரயில் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். நடைமேடைக் கோடியில், கூரை இல்லாத பெஞ்சில், வீட்டுச் செருப்போடு. சம்மட்டியால் ரயில் சக்கரத்தைத் தட்டிச் சோதிக்கிற தொழிலாளி ஒருத்தர் தன் கோட்டை அவள்மேல் போட்டு, பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் யாரென்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

"எங்க போகணும்னு வந்தே?" — பெக்ஜாத்.

"எங்கயும் இல்ல. வண்டி வர்றதைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா? இளைக்கிறதுக்கு, தூங்கறதுக்கு?" நான் கட்டில் காலடியில் நின்றேன். குலாயிம் என்னைப் பார்த்தாள். எதிலும் தங்காத அந்தக் கண் என்மேல் கொஞ்சம் தங்கியது.

"ஒன்னும் இல்ல. பத்தியம் மட்டும்தான்."

என்னைக் காப்பாற்றினாள். அந்த நிலையிலும். நானும் தலையைக் குனிந்துகொண்டு, காப்பாற்றப்பட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்துட்டேன். அவளை அங்க விட்டுட்டு வந்துட்டேன். என்ன பிறவி நான்?

டிசம்பர் 7

காலையில் போய்ச் சொன்னேன். டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம் என்று போனேன்; நடையிலேயே எல்லோரும் இருந்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது. மருந்தின் பெயர், எவ்வளவு, எப்போதிருந்து, என்ன செய்யும் எல்லாம் அங்கேயே சொன்னேன்.

டாக்டரம்மா கத்தவில்லை. "நேத்து நீங்க இங்கதானே நின்னீங்க? நேத்து ராத்திரி அவங்களுக்கு என்னென்னமோ குடுத்திருக்கோம். தெரிஞ்சிருந்தா அதுல பாதி குடுத்திருக்க மாட்டோம்." சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினார்.

பெக்ஜாத் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "புழுவுக்குப் போடறதையா?" என்றான். வேடிக்கை பேசுகிற அதே வாய். "புழுவுக்குப் போடறதையா அண்ணி?"

மாமியார் எழுந்து வந்தார். நாற்காலியில் கிடந்த என் சால்வையை எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தார்.

காரில் ஒல்ஜாஸ் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"இப்படி ஆகலாம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

இறங்கிப் பேருந்தில் வந்தேன். அவர் போகச் சொல்லவில்லை. என்னால் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

டிசம்பர் 10

வேராவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"உன்னை மாதிரி கைத்திறமை உள்ளவ இந்த லேப்ல இருந்ததில்ல." பிறகு, "லேப் சாவியைக் குடு."

கொடுத்தேன். அலமாரியைப் பூட்டாமல் விட்டது தன் தவறு என்று மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். "உன் தப்பை நீ வச்சுக்கோ, என் தப்பை நான் வச்சுக்கறேன்" என்றார். போலீசுக்கும் போகும். போகட்டும்.

டிசம்பர் 23

அவள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். ஒல்ஜாஸ் போய்ப் பார்க்கிறார். என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறார். உப்பு எங்கே, சாவி எங்கே.

2019 ஜனவரி 14

பொடித் தட்டிலிருந்து எடுத்துச் சுத்தமான தட்டில் விட்டால், புழு சீக்கிரமே பழையபடி நல்ல தீனியைத் தேடிப் போய்விடும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மனுஷிக்கு அப்படி இல்லையாம். மருந்து போன பிறகும் இருட்டு நிற்கலாம் என்றாராம் டாக்டரம்மா.

ஜனவரி 30

போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். குலாயிம் புகார் தர மறுத்துவிட்டாளாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 17

கூப்பிட்டு அனுப்பினாள். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மாமியார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இளைத்த உடம்பு, கொஞ்சம் உப்பிய முகம். மடியில் தைக்க வேண்டிய பையன் சட்டை. ஊசியில் நூல் கோத்திருந்தது, தைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவளே முதலில் பேசினாள்.

"கெடுதல்னு நீங்க சொல்லியிருந்தா நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்னு நினைக்கிறீங்களா? சாப்பிட்டிருப்பேன் அக்கா. அந்தக் கவுனுக்காக எதையும் முழுங்கியிருப்பேன். அதில்ல." சட்டைப் பொத்தானைத் திருகினாள். "அந்த பெஞ்சுல உக்காந்திருந்தப்போ, நான் இப்படிப்பட்டவதான்னு நினைச்சேன். இவ்வளவு நாள் போட்டதெல்லாம் கூத்து, உள்ளுக்குள்ள நான் கல்லு, பெத்த புள்ளையையே பிடிக்காதவன்னு. இது மருந்து, நீ இல்லைன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா... அதை நீங்க வச்சுக்கிட்டீங்க. உங்க கையில இருந்துச்சு. குளிர்காலம்னீங்க."

"ஆமா" என்றேன்.

"அழாதீங்க. நீங்க அழுதா நான் சமாதானம் சொல்லணும். எனக்கு இப்ப முடியாது."

அழாமல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஊசியை நகர்த்த ஆரம்பித்தாள். விளக்கு போடும் வரை இருந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 11

குடிநீர் சோதிக்கிற இடத்தில் வேலை. புட்டி புட்டியாக நகரத்துத் தண்ணீர். என் முன்கதையைச் சொல்லித்தான் சேர்ந்தேன். மேலதிகாரி, "இங்க எல்லா அலமாரிக்கும் ரெண்டு பூட்டு" என்றார்.

மார்ச் 22

நௌரிஸ், வசந்தப் புத்தாண்டுப் பண்டிகை. ஒல்ஜாஸ் மட்டும் அம்மா வீட்டுக்குப் போய்வந்தார்.

"குலாயிம் எப்படி?"

"பெக்ஜாத்தோட சண்டை. எல்லார் முன்னாடியும். கூட்டத்துல அவளைப் பார்த்து ஏதோ கேலி பண்ணான். கரண்டியை வீசிட்டா. 'இனிமே என் உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சு, அடுத்தது அண்டா'ன்னா." என்னைப் பார்த்துக் கிட்டத்தட்டச் சிரித்தார். பல மாதம் கழித்து. "குறி தப்பலை."

முகத்தை மூடிக்கொண்டு குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷப்பட எனக்கு உரிமை உண்டா? தெரியவில்லை. பட்டேன்.

மே 12, ஞாயிறு

சொல்லாமல் வந்தாள், தனியாக. சந்தைக்கு வந்தாளாம், பக்கம்தானே என்று ஏறிவந்தாளாம். மாடி ஏறின மூச்சு வாங்கியது. பழைய உடம்பில் பாதி திரும்பியிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். வாசலில் நின்ற ஒல்ஜாஸ் என்னைப் பார்த்தார், அறைக்குள் போய்விட்டார்.

"பசிக்குது. என்ன வச்சிருக்கீங்க?"

நூடுல்ஸ் சூப்தான் இருந்தது, மத்தியானம் வைத்தது. சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தேன். ரொட்டி நறுக்கினேன். கரண்டியை எடுத்துக்கொடுத்தேன்.

வாங்கி மேஜைமேல் வைத்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?"

சமைக்கிற பெண் இன்னொருத்தியிடம் எப்போதும் கேட்கிற கேள்விதான். இருவருமே அசையவில்லை.

"ஆட்டுக்கறி" என்றேன். "நெஞ்செலும்பு, நேத்து வாங்கினது. தண்ணி. உப்பு. ரெண்டு வெங்காயம். கேரட். பிரிஞ்சி இலை ஒன்னு, எடுத்துப் போட்டாச்சு. மிளகு, முழுசா. நூடுல்ஸ் நானே தேய்ச்சது, மாவும் முட்டையும், ஒரு சிட்டிகை உப்பும். கடைசியில வெங்காயத்தாள்." யோசித்தேன். "கறி வதக்கக் கொஞ்சம் எண்ணெய். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.